உங்களுக்குத் தெரியுமா? ஏழெட்டு ஐம்பத்தாறும் ஓர் எலும்புக்கூடும்

★ கால்குலேட்டரில் 7 × 8 என்று தட்டினால் அது 56 என்று சொல்லும். 1976இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி இதை அப்படியே தலைகீழாகத் திருப்பி ஒரு பொம்மை செய்தது. கேள்வி கேட்பது மெஷின், விடை தட்டுவது பிள்ளை. பெயர் 'லிட்டில் புரொஃபசர்'. கண்ணாடியும் மீசையுமாக ஒரு வாத்தியார் படம், கீழே பட்டன்கள். விடை தப்பானால் ஆங்கில 'ஈ' எழுத்து மூன்று வரிசையாக மின்னும். மூன்று தடவை தப்பினால் சரியான விடையைத் தானே காட்டிவிடும். காதைத் திருகாது, பெஞ்சுமேல் ஏறி நிற்கச் சொல்லாது. பிள்ளைகளுக்கு அந்த வாத்தியாரைப் பிடித்துப்போனதற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

★ அதற்கு அடுத்த வருடம், 1977 செப்டம்பர். டிவியோடு இணைக்கும் அட்டாரி கேம் பெட்டி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. கூடவே வந்த ஒன்பது கேட்ரிட்ஜுகளில் ஒன்று 'பேசிக் மேத்'. திரையில் ஒரு கூட்டல் கணக்கு நிற்கும், ஜாய்ஸ்டிக்கை ஆட்டி விடையைக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். பக்கத்திலேயே டாங்கிச் சண்டை கேட்ரிட்ஜ் கிடக்கும்போது எந்தப் பிள்ளை இதை எடுத்துச் செருகும்?

★ இந்தக் கதை அட்டாரிப் பெட்டிக்கும் முந்தியது. 1960களின் நடுவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் சூப்ஸ், பள்ளிக்கூடத்தில் தந்தி மெஷின் மாதிரி தடதடக்கும் ஒரு டைப்ரைட்டரை வைத்து, அதைத் தொலைபேசிக் கம்பி வழியாகப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரோடு இணைத்தார். பிள்ளை தன் பெயரை அடித்தால் கணக்குகள் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் அச்சாகி வரும். அலெக்சாந்தருக்கு ஒரு அரிஸ்டாட்டில் வாய்த்த மாதிரி லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஆசான் சீக்கிரமே கிடைத்துவிடுவார் என்று 1966இல் எழுதினார். சூப்ஸின் தொழில் தத்துவம். நம்பிக்கை கொஞ்சம் கூடுதலாக இருந்ததில் வியப்பில்லை.

★ சுவரில் மாட்டும் தட்டையான பிளாஸ்மா திரையை முதலில் எதற்காகக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? கிரிக்கெட் பார்க்க இல்லை, பாடம் நடத்த. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் 1960இல் தொடங்கிய 'பிளேட்டோ' என்ற கம்ப்யூட்டர் வழிப் பாடத் திட்டத்துக்குத் தோதான திரை கிடைக்காமல், 1964இல் அவரும் இரண்டு சகாக்களும் சேர்ந்து தாங்களே ஒன்றைச் செய்தார்கள். 1972இல் வந்த பிளேட்டோ திரைகளில் விரலால் தொட்டே விடை சொல்லலாம். இன்றைக்கு மூன்று வயசுப் பிள்ளைகள் டேப்லெட்டில் செய்வதைத்தான் அன்றே செய்தார்கள்.

★ அந்த பிளேட்டோவில் ஓடிய ஓர் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர் 'ஹவ் த வெஸ்ட் வாஸ் ஒன்', சுருக்கமாக 'வெஸ்ட்'. திரையில் ஒரு நீளமான பாதை. பத்து கட்டத்துக்கு ஓர் ஊர். சக்கரம் சுற்றினால் மூன்று எண்கள் விழும். அந்த மூன்றையும் கூட்டியோ கழித்தோ பெருக்கியோ வகுத்தோ, அடைப்புக்குறி போட்டோ ஒரு விடை கொண்டுவர வேண்டும். அத்தனை கட்டம் நகரலாம். ஊரில் போய் விழுந்தால் அடுத்த ஊருக்கே தாவலாம். எதிராளி நிற்கும் கட்டத்தில் விழுந்தால், தாயத்தில் காயை வெட்டுகிற மாதிரி, அவரைப் பின்னுக்குத் தள்ளலாம்.

1, 2, 4 விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் ஆரம்பத்தில் நிற்கிறீர்கள். ஒன்றையும் இரண்டையும் கூட்டி நான்கால் பெருக்கினால் 12. அதுதான் பெரிய விடை. ஆனால் ஒன்றையும் நான்கையும் கூட்டி இரண்டால் பெருக்குகிறவன் 10இல் போய் விழுவான். அங்கே ஊர் இருக்கிறது, ஒரே தாவலில் 20. பெரிய எண்ணைத் தேடியவன் பின்னால் நிற்பான். அடைப்புக்குறியை எங்கே போடுவது என்று எந்த வாத்தியாரும் சொல்லாமலே அந்தப் பிள்ளை நாலைந்து விதமாகப் போட்டுப் பார்த்திருக்கும்.

★ அதே 'வெஸ்ட்' ஆட்டத்தை எடுத்துக்கொண்டு 1970களில் ரிச்சர்ட் பர்ட்டன், ஜான் சீலி பிரவுன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் உள்ளே ஒரு கம்ப்யூட்டர் பயிற்சியாளரை உட்கார வைத்தார்கள். பிள்ளை எப்படி ஆடுகிறது என்று அது கவனித்துக்கொண்டே இருக்கும். இதைவிட நல்ல வழி இருந்தால் எப்போதாவது ஒரு வார்த்தை சொல்லும். அதற்கு அவர்கள் விதித்த சட்டங்களில் ஒன்று, அடுத்தடுத்த இரண்டு நகர்த்தலில் தொடர்ந்து வாயைத் திறக்கவே கூடாது என்பது. வீட்டுப்பாடம் செய்யும் பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நின்று பென்சிலைப் பிடுங்கும் அப்பாக்கள், என்னையும் சேர்த்துத்தான், இந்தச் சட்டத்தை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டலாம்.

★ எலுமிச்சை ஜூஸ் கடை. இன்றைக்கு எத்தனை டம்ளர் போடுவது, என்ன விலை வைப்பது, விளம்பரப் பலகைக்கு எவ்வளவு செலவழிப்பது? வெயில் அடித்தால் லாபம், மழை வந்தால் போச்சு. 1973இல் எழுதப்பட்ட 'லெமனேட் ஸ்டாண்ட்' என்ற இந்த ஆட்டம் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கும் வந்தது. முதலீடு, வரவு, நஷ்டம் என்ற சொற்களைப் புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்பே ஒரு தலைமுறை அமெரிக்கப் பிள்ளைகள் அவற்றைக் கைக்காசு போய் அனுபவித்துவிட்டார்கள். திரைக்காசுதான், ஆனாலும் வலிக்கும்.

★ 'லெமனேட் ஸ்டாண்டை'ப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது மினசோட்டா மாநிலம் 1973இல் அமைத்த ஓர் அரசுக் கூட்டமைப்பு. அதே அமைப்பு 1986இல் வெளியிட்ட 'நம்பர் மன்ச்சர்ஸ்' இன்னும் பலருக்கு நினைவிருக்கும். ஒரு பச்சைப் பிராணி கட்டம் கட்டமாகப் போய் 6இன் மடங்குகளையோ பகா எண்களையோ மட்டும் விழுங்க வேண்டும். தப்பான எண்ணை விழுங்கினால் ஓர் உயிர் போகும்.

★ நின்டெண்டோ தன் குரங்குக் குட்டியையே வாத்தியாராக்கிப் பார்த்தது, 1983இல், 'டாங்கி காங் ஜூனியர் மேத்' என்று. கொடியில் ஏறி எண்ணையும் கூட்டல், கழித்தல் குறியையும் பறித்து, மேலே கேட்ட விடையைச் சேர்க்க வேண்டும். விற்கவில்லை.

★ ஏன் ஒன்று பிடிக்கிறது, ஒன்று பிடிப்பதில்லை? இதை ஆரம்பத்திலேயே ஒழுங்காகச் சோதித்தவர் தாமஸ் மலோன். பிளேட்டோவில் 'டார்ட்ஸ்' என்று ஒரு பின்ன ஆட்டம் இருந்தது. நிமிர்ந்து நிற்கும் எண்கோட்டில் பலூன்கள் தொங்கும். பலூன் இருக்கும் இடம் இரண்டேகாலா, இரண்டரையா என்று கணித்து அடித்தால் அம்பு பறந்துபோய் உடைக்கும். மலோன் இதில் அம்பை எடுத்துவிட்டு ஒரு வடிவம், பலூனை எடுத்துவிட்டு ஒரு வடிவம் என்று எட்டு வகை செய்து, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 80 பேரிடம் கொடுத்தார். பையன்களுக்குப் பலூன் உடைவது பிடித்தது. பெண் பிள்ளைகள் அதை அவ்வளவாக ரசிக்கவில்லை. எல்லாக் குழந்தைக்கும் ஒரே ஜிகினா ஒட்டாது என்பது 1980 வாக்கிலேயே தெரிந்துபோன விஷயம்.

★ இப்போது தலைப்பில் சொன்ன எலும்புக்கூட்டுக்கு வருவோம்.

பிரிட்டனின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜேக்கப் ஹாப்குட், ஷாரன் ஐன்ஸ்வொர்த் இருவரும் 'ஸாம்பி டிவிஷன்' என்ற ஆட்டத்தை வைத்து ஒரு சோதனை நடத்தி, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். எலும்புக்கூடுகள் ஓடிவரும், ஒவ்வொன்றின் மார்பிலும் ஓர் எண். பிள்ளையின் கையில் உள்ள ஒவ்வோர் ஆயுதமும் ஒரு வகுக்கும் எண். மார்பில் 15 எழுதிய எலும்புக்கூட்டை 2ஆல் வெட்டினால் ஒன்றும் ஆகாது, 3ஆல் வெட்டினால் சிதறிவிடும்.

இது ஒரு வடிவம். இன்னொரு வடிவத்தில் அதே எலும்புக்கூடு, அதே சண்டை, மார்பில் எண் கிடையாது. வகுத்தல் கணக்கெல்லாம் ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் வினாத்தாளாக வரும். மூன்றாவது வடிவத்தில் கணக்கே இல்லை.

சண்டைக்குள்ளேயே கணக்கு இருந்த வடிவத்தை ஆடிய பிள்ளைகள்தான் கூடுதலாகக் கற்றார்கள். அதுகூடப் பரவாயில்லை, எதிர்பார்த்ததுதான். எதை வேண்டுமானாலும் ஆடலாம் என்று பிள்ளைகள் இஷ்டத்துக்கு விட்டபோது, வினாத்தாள் வடிவத்தைவிட ஏழு மடங்குக்கும் அதிகமான நேரம் இதைத்தான் ஆடினார்கள். வகுத்தல் இருக்கிறதே என்று ஒருவரும் ஓடவில்லை.

பாகற்காய்ப் பிட்லை செய்கிறவர்களுக்கு இது புரியும். வெல்லத்தைக் குழம்போடு சேர்த்துக் கொதிக்க விட வேண்டும். காயைத் தின்றால் அப்புறம் ஒரு வெல்லக்கட்டி தருகிறேன் என்று சொன்னால், பிள்ளை வெல்லக்கட்டியை மட்டும்தான் பார்க்கும்.

★ கடையில் விற்கிற, இலவசமாக இறங்குகிற கணக்கு ஆப்களில் பெரும்பாலானவை வெல்லக்கட்டி வகைதான். ஐந்து கணக்குப் போட்டால் ஒரு கிரீடம், பத்துப் போட்டால் ஒரு டிராகன் முட்டை. எங்கள் வீட்டுப் பொடிசு இரண்டாம் வகுப்பு. ஒரு நாள் பதினைந்து நிமிடத்தில் ஐம்பது கணக்கு முடித்துவிட்டதாக வந்து சொன்னாள். எனக்கு ஒரே பெருமை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் கணக்கைப் படிக்கவே இல்லை. நான்கு விடைகளையும் மேலிருந்து கீழாக வரிசையாகத் தட்டுகிறாள். தப்பு என்றால் அடுத்தது, தப்பு என்றால் அடுத்தது.

"ஏண்டி, கணக்கைப் பார்க்க வேண்டாமா?"

"எதுக்குப்பா? எப்படியும் நாலாவதுக்குள்ள வந்துடும்ல!"

அவள் சொன்னதில் தர்க்கப்பிழை எதுவும் இல்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரயன் பேக்கரும் கூட்டாளிகளும் 2004இலேயே இந்தக் குறுக்குவழிக்காரர்களைப் பற்றி எழுதிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நேரத்தைக் கடத்திய மாணவர்களைவிட, மென்பொருளை ஏமாற்றி முன்னேறியவர்களின் கற்றல்தான் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தது.

★ ஐந்து வகை முடி, ஐந்து வகைக் கண், ஐந்து நிற மூக்கு, ஐந்து வகைக் கால். எத்தனை விதமான பொம்மை செய்யலாம்? 1996இல் வந்த 'ஸூம்பினிஸ்' ஆட்டத்தில் காப்பாற்ற வேண்டிய நீல உருண்டைகள் மொத்தம் 625 என்பது சும்மா வைத்த எண் இல்லை.

★ பரமபதம் ஆடிய குழந்தைக்குக் கணக்கு வருமா? ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் அமெரிக்காவில் வசதி குறைந்த குடும்பத்து நான்கு, ஐந்து வயசுப் பிள்ளைகளிடம் 1 முதல் 10 வரை நேர்கோட்டில் கட்டம் போட்ட பலகையைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எண் எழுதிய பலகை, பாதிப் பேருக்கு நிறம் மட்டும் பூசிய பலகை. இரண்டு வாரத்தில் நான்கு தடவை, தடவைக்குச் சுமார் 15 நிமிடம். எண் பலகை ஆடியவர்களுக்கு எது பெரிய எண், எண்கோட்டில் எது எங்கே இருக்கும் என்ற பிடிமானம் நன்றாகவே கூடியது. நிறப் பலகைக்காரர்களுக்குக் கூடவில்லை. இது 2008இல் வெளியானது.

பிறகு 1 முதல் 100 வரையுள்ள பலகையில் இன்னொரு சோதனை. ஐந்தில் நிற்கும் காய்க்கு இரண்டு விழுந்தால் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி நகர்த்திய பிள்ளைகளைவிட, கட்டத்தில் உள்ளபடி "ஆறு, ஏழு" என்று சொல்லி நகர்த்திய பிள்ளைகள் அதிகம் கற்றார்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் நாமெல்லாம் எப்படி எண்ணினோம்? எனக்கு நினைவிருக்கிற வரை "ஒண்ணு, ரெண்டு"தான். போகட்டும், பாம்பு கடித்தபோது எத்தனை கட்டம் இறங்கினோம் என்றாவது கணக்குப் போட்டோம்.

★ கணக்கு என்றாலே எண்கள் கண்ணில் ஒட்டாத குழந்தைகள் உண்டு. டிஸ்கால்குலியா என்கிறார்கள். அவர்களுக்காக பிரான்சில் ஆனா வில்சன், ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் குழு 2006இல் 'த நம்பர் ரேஸ்' என்ற இலவச ஆட்டத்தை வெளியிட்டது. இரண்டு குவியலில் எது பெரிது என்று சட்டென்று தேர்ந்தெடுத்து, அத்தனை கட்டம் நகர வேண்டும். வாரம் நான்கு நாள், நாளுக்கு அரைமணி என ஐந்து வாரம் ஆடிய ஒன்பது பிள்ளைகளுக்குக் கழித்தல் நன்றாக முன்னேறியது. கூட்டல் முன்னேறவில்லை. இரண்டையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள் என்பதற்காகவே எனக்கு அந்தக் கட்டுரை பிடிக்கும்.

★ வதோதரா கதை நம் ஊர்க் கதை மாதிரியே தொடங்கும். 2000ஆம் ஆண்டில் குஜராத் அரசு அந்த நகரத்தின் 100 மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்குத் தலா நான்கு கம்ப்யூட்டர் கொடுத்தது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், சின்ன வகுப்புப் பிள்ளைகள் அவற்றைத் தொட்டதே அபூர்வம். உறை போட்டு மூடி, ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்க மட்டும் திறக்கிற கம்ப்யூட்டரை எங்கேதான் பார்க்கவில்லை?

'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் உள்ளே வந்தது. உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து உட்கார வைத்தது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள், ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், கணக்கு விளையாட்டு. இதை அளந்து பார்த்தவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் உண்டு. 2019இல் நோபல் வாங்கியவர்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் வந்த முன்னேற்றத்தை எளிமையாகச் சொன்னால் இப்படி. நூறு பேர் வரிசையில் 50 பேரைத் தாண்டி நின்றிருக்கக்கூடிய பிள்ளை, 68 பேரைத் தாண்டி நின்றது. பெரிய விஷயம். திட்டத்தைவிட்டு வெளியே வந்து ஒரு வருடம் ஆனபின் அதில் பெரும்பகுதி கரைந்து, மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது.

இன்னொன்றும் அதே ஆய்வில் இருக்கிறது. கம்ப்யூட்டர் திட்டத்துக்குப் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுச் செலவு 15 டாலருக்குச் சற்று மேல். கூடவே சோதித்த மற்றொரு திட்டம், பின்தங்கிய பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க அதே பகுதிப் பெண் ஒருவரை நியமிப்பது. அதற்கு ஆன செலவு 2.25 டாலர். பலன் கம்ப்யூட்டர் அளவுக்கு இல்லை, ஆனால் காசுக்குக் காசு பார்த்தால் அந்தப் பெண்தான் முன்னால் நின்றார்.

★ அதே குஜராத்தில் லீ லிண்டன் செய்த மற்றொரு சோதனை. பள்ளி நேரத்துக்கு வெளியே, கூடுதலாகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்த பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் வைத்த இடத்தில், ஒன்றுமே தராத பிள்ளைகளைவிடப் பின்தங்கினார்கள். மென்பொருள் ஒன்றேதான்.

★ டான்சானியாவில் 170 கிராமங்கள். சோதனையில் சேர்ந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள். எல்லார் கையிலும் டேப்லெட் கொடுத்து, சூரிய ஒளியில் சார்ஜ் ஏற்றும் வசதி செய்துவிட்டு, 15 மாதம் கழித்து எழுத்தும் கணக்கும் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்ப்பது. எக்ஸ்பிரைஸ் நடத்திய இந்தப் போட்டியில் 2019இல் ஒரு கோடி டாலர் பரிசை 'ஒன்பில்லியன்', 'கிட்கிட் ஸ்கூல்' என்ற இரண்டு குழுக்கள் பகிர்ந்துகொண்டன. ஆட்டங்கள் எல்லாம் சுவாஹிலி மொழியில். இறுதிக்கு வந்த ஐந்து குழுக்களின் மென்பொருளையும் யாரும் எடுத்துத் தங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

★ சொல்லே இல்லாமல் கணக்குச் சொல்லித்தர முடியுமா? அமெரிக்காவின் 'எஸ்டி மேத்' ஆட்டத்தில் ஜிஜி என்ற பென்குவின் திரையைக் கடந்து நடக்கப் பார்க்கும். வழியில் ஒரு புதிர் மறிக்கும். சரியாகச் செய்தால் வழி திறக்கும், தப்பானால் ஏன் திறக்கவில்லை என்பது படமாகவே தெரியும். அதை உருவாக்கிய மேத்யூ பீட்டர்சனுக்குச் சிறு வயதிலிருந்தே டிஸ்லெக்சியா, எழுத்து படிப்பதில் சிரமம்.

★ 'ஜி-கோம்ப்ரி' என்ற இலவசக் குழந்தை மென்பொருள் 2000இல் பிரான்சில் பிறந்தது. எழுதும்போது ஒரு பெயர், வாயால் சொன்னால் பிரெஞ்சில் "எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்று கேட்கும். கேரள அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர்களில் இது உண்டு. அங்கே தொடக்க வகுப்புக் கம்ப்யூட்டர் பாடப் புத்தகத்துக்கு வைத்த பெயரும் 'களிப்பெட்டி'தான், விளையாட்டுப் பெட்டி.

★ சிகாகோவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், தூங்கப் போகும் நேரத்தில் அம்மாவோ அப்பாவோ டேப்லெட்டில் ஒரு குட்டிக் கணக்குக் கதையைப் பிள்ளையோடு சேர்ந்து படித்தார்கள். வாரம் ஒரு தடவை படித்தாலே வித்தியாசம் தெரிந்தது. அதிகப் பலன் யாருக்கு என்றால், கணக்கு என்றாலே பயப்படும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு.

★ கடைசியாகத் தமிழ்க் கணக்கு. ஆங்கிலத்தில் 'லெவன்' என்ற சொல்லுக்குள் பத்தும் ஒன்றும் இருப்பது குழந்தைக்குத் தெரியாது. பதினொன்றில் இரண்டும் காதில் விழும். நமக்கு நல்ல வசதி. ஆனால் ஆட்டத்துக்குக் குரல் கொடுக்க வந்தவர்களுக்குத் தலைவலி. ஆங்கிலத்தில் 'ட்வென்டி' என்று ஒரு ஒலித்துண்டு, 'ஒன்' என்று ஒரு துண்டு பதிந்து ஒட்டினால் வேலை முடிந்தது. தமிழில் 'இருபது', 'ஒன்று' இரண்டையும் ஒட்டினால் 'இருபது ஒன்று' என்று பேசும். எந்தப் பிள்ளையும் அப்படி எண்ணாது. இருபத்தொன்று, முப்பத்திரண்டு, நாற்பத்தாறு என ஒவ்வொன்றையும் தனியாகப் பதிய வேண்டும்.

அதைவிடப் பெரிய கண்ணி ஒன்பதில். எட்டு, எண்பது, எண்ணூறு என்று ஒழுங்காக வருகிற வரிசை, ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று திடீரென்று ஒரு படி மேலே தாவிவிடும். தொண்ணூறில் நூறு இருக்கிறது, நூறு இல்லை. தொள்ளாயிரத்தில் ஆயிரம் இருக்கிறது, ஆயிரம் இல்லை.

எங்கள் பொடிசு அந்த இடத்தில்தான் தினமும் வழுக்குவாள். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, "எண்பத்திப்பத்து!" ஆப் அதைக் காதிலேயே வாங்காது, 90ஐத் தொட்டால் போதும் என்று காத்திருக்கும். அடுப்படியில் இருந்து என் அம்மாதான் குரல் கொடுப்பாள்: "என்னது, என்னது? இன்னொரு தடவை சொல்லு கண்ணு!"